குலுக்கி எடுத்த கட்டைகள்

யார் வீட்டுக்குப் போனாலும் டிவி ரிமோட்டைத் திருப்பி, பின்மூடியைத் திறந்து பார்த்துவிடுகிறேன். கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் போவேன். காபி வருவதற்குள் கை போய்விடும். போன மாதம் நாத்தனார் வீட்டில் திறந்தேன். உள்ளே ஒரு புது செல்லும் ஒரு பழைய செல்லும் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்தன. "அண்ணி, நீங்க ரிட்டயர்டு ஆயிட்டீங்க, ஞாபகம் கீதா இல்லியா?" என்று அவள் ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டாள். அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். நான்தான் பஸ்ஸில் வீடு வரும்வரை அந்த ரெண்டு செல்லைப் பற்றியே நினைத்துக்கொண்டு வந்தேன்.

விழுப்புரத்தில் ஒரு எலெக்ட்ரிகல் சாமான் கடை. பிறகு அதே முதலாளி திண்டிவனத்தில் திறந்த இன்னொரு கடை. இரண்டிலும் செல், சார்ஜர், டார்ச், சைக்கிள் லைட் வைத்திருக்கும் கவுண்டர் என்னுடையது. இப்போது அங்கே நிற்கும் பெண்கள் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தார்கள். வருகிற லைட்டெல்லாம் உள்ளேயே பேட்டரியோடு வருகிறது, போன் சார்ஜரில் சொருகினால் போதும் என்கிறார்கள், செல் போடுகிற சாமான் இனிமேல் இருக்குமா, கஸ்டமர் கேட்டால் எதைச் சொல்வது, எழுதி அனுப்புங்கள் அக்கா என்று. நாலு வரியில் முடிக்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

என் பெயர் சாந்தி. "உன்னியப் பாக்காமயே பேரு வெச்சுட்டாங்கோ" என்பார் முதலாளி கரீம் பாய். கடை ஷட்டரை இறக்கிப் பூட்டிய பிறகு திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்விட்டு மறுபடி வந்து இழுத்துப் பார்த்த நாளும் உண்டு. வீட்டுக் கஷ்டத்தில் பள்ளிக்கூடம் எட்டாவதோடு நின்றது. கடையில் சேர்ந்த புதிதில் பல்பு துடைத்தேன், விலை ஒட்டினேன், ஒயர் அளந்து வெட்டினேன். அளந்த ஒயரை வெட்டுவதற்கு முன்னால் இன்னொரு தடவை அளப்பேன். பாய் இதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஒருநாள் செல் கவுண்டரைக் காட்டி, "இனிமே நீ இங்க நில்லு. பயந்துக்கினு கீற ஆளுதான் இதுக்கு லாயக்கு. ப்ளஸ் எது, மைனஸ் எதுன்னு ரெண்டு வாட்டி பாக்கும்" என்றார். என் பயத்தை ஒரு தகுதியாக யாரும் சொன்னது அதுதான் முதல் தடவை.

பாய் சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். யாராவது வந்து "சார்ஜ் பண்ற கட்டை குடு பாய்" என்றால் உடனே எடுத்துக் கொடுக்க மாட்டார். எங்கள் பக்கத்தில் டார்ச் செல்லுக்குக் கட்டை என்றுதான் பேர். "எதுக்குப் போடப் போற? எத்தினி நாளைக்கு ஒருக்கா மாத்துற?" என்று கேட்பார். சுவர்க் கடிகாரத்துக்கு என்றால் சாதாரண செல்லையே கொடுத்து அனுப்பிவிடுவார். வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுகிற சாமானுக்கு எதற்கு சார்ஜரும் செலவும்? பிள்ளைகள் ஓட்டுகிற ரிமோட் கார், கோயிலில் பாடுகிறவர் பிடிக்கிற ஒயர் இல்லாத மைக், தினமும் எரிகிற சைக்கிள் லைட், இதெல்லாம் வாரத்துக்கு வாரம் செல்லைத் தின்னும். அதற்குத்தான் சார்ஜ் கட்டை. அலமாரியில் வைத்துவிட்டுக் கரண்டு போனால் மட்டும் தேடுகிற டார்ச்சுக்கு இன்னொரு கணக்கு. சில சார்ஜ் கட்டைகள் சும்மா வைத்திருந்தாலே தானாக இறங்கிவிடும். ஏற்றி வைத்தால் மாசக்கணக்கில் அப்படியே நிற்கிற ரகமும் உண்டு. விலை கொஞ்சம் கூட. அந்த டார்ச்சுக்கு அந்த ரகத்தைத்தான் கொடுக்கவேண்டும்.

மைக்செட் வைத்திருந்த ஒருவர் வெளியூரில் வாங்கிய கட்டையைக் கொண்டுவந்து காட்டினார். எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்று மேலே யானை சைஸில் ஒரு நம்பர் போட்டிருந்தது. "இவ்ளோ பெரிய நம்பர் உன் கடைல கீதா பாய்?" என்றார். பாய் அவருடைய வலது கையில் அந்தக் கட்டையையும் இடது கையில் எங்கள் கட்டையையும் வைத்தார்.

"எது கனம்?"

"உன்னுதுதான் கனமா கீது."

"உள்ள சரக்கு இருந்தா கனக்கும். வெளிய நம்பர் எழுதறதுக்கு மசி போதும்."

மைக்செட்காரர் ரெண்டு கையையும் ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, "ஏமாந்துட்டேன்னு நேரா சொல்ல வேண்டிதுதான" என்று சிரித்துவிட்டார். அன்றையிலிருந்து நானும் செல்லைக் கையில் எடுத்து கனம் பார்க்காமல் யாருக்கும் கொடுத்ததில்லை.

விக்கிரவாண்டிப் பக்கத்திலிருந்து சைக்கிளில் பால் கொண்டுவருகிற மாணிக்கம் அண்ணனை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பும் நடுக்கமும் சேர்ந்து வரும். ஹைவேயில் லாரிக்கு நடுவே, பொழுது விடிவதற்கு முன்னால் வருகிறவர். சைக்கிளுக்குப் பின்னால் சிவப்பு லைட் வாங்கிப் போனார். நாலு மாசம் கழித்து வந்து, "கட்டை இன்னும் தீரலம்மா, நல்ல கட்டை" என்று பாராட்டினார். எனக்கு உடனே சந்தேகம். தினமும் எரிகிற லைட்டில் சாதாரண கட்டை இத்தனை நாள் எப்படி நிற்கும்?

"அண்ணே, டெய்லி போடறீங்களா?"

"போடாம? லாரி பின்னாடி வரும்போது போட்டுக்குவேன். போனதும் அணைச்சுடுவேன். கட்டை வீணாவக் கூடாதில்ல."

"பின்னாடி லாரி வர்றது உங்களுக்கு எப்டிண்ணே தெரியும்?"

"சத்தம் கேக்கும்ல."

நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். பாய் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்து முடித்துவிட்டு, சார்ஜ் கட்டை நாலும் ஒரு சார்ஜரும் எடுத்து அண்ணன் முன்னால் வைத்தார். "ரெண்டு லைட்டுல, ரெண்டு ஊட்டுல. மாத்தி மாத்திப் போடு. இது தீந்தா உனக்கு நஷ்டம் இல்ல. கரண்டுலதான் ஏறுது. அதனால ஊட்ட உட்டு எறங்குனா போடு, பால் ஊத்தி முடிச்சுட்டு அணை. நடுவுல கைய வெச்ச, அப்புறம் கடைக்கு வராத." சார்ஜ் கட்டையின் பெரிய லாபம் காசு இல்லை என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. தீர்ந்துவிடுமே என்று கஞ்சத்தனம் பண்ணாமல் லைட்டை எரியவிடலாம். மாணிக்கம் அண்ணன் இன்றைக்கும் பால் ஊற்றுகிறார், லைட்டும் எரிகிறது.

இனி, நான் திண்டிவனம் கடைக்கு மாறிய பிறகு நடந்த செல்வி கதைக்கு வருகிறேன். இதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

திண்டிவனத்தில் இருந்து மயிலம் போகிற வழியில் உள்ளே தள்ளி ஒரு ஊர். குண்டுமல்லித் தோட்டங்கள் நிறைய. மல்லியை அரும்பாக இருக்கும்போதே பறிக்கவேண்டும். வெயில் ஏறி மொட்டு விரிய ஆரம்பித்துவிட்டால் மார்க்கெட்டில் மதிப்பு இல்லை. அதனால் பெண்கள் இருட்டிலேயே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்கிவிடுவார்கள். ரெண்டு கையும் பறிப்பதற்கு வேண்டும், அதற்குத்தான் தலை லைட். ஒரு லைட்டுக்குச் சின்ன பென்சில் செல் மூன்று போடவேண்டும். செல்வி அப்படிப் பறிக்கிற ஒரு செட்டுக்குத் தலைவி. முப்பது வயசு இருக்கும். மல்லாட்டைக் கடலை பிடுங்கவும் நாற்று நடவும் அலைந்த பன்னிரண்டு வீட்டுப் பெண்களைச் சேர்த்து, ஒரு பெரிய தோட்டத்துப் பறிப்பு முழுவதையும் பேசி வாங்கியிருந்தாள். வாரா வாரம் செல்லுக்கே கூலி போகிறதென்று, சார்ஜ் கட்டை வாங்கலாம் என மற்றவர்களைச் சம்மதிக்க வைத்ததும் அவள்தான். என்னிடம்தான் வாங்கினாள். ஒரே பெட்டி, ஒரே நல்ல ரகம், ஒவ்வொன்றையும் கையில் எடுத்துக் கனம் பார்த்துக் கொடுத்தேன்.

சில மாசம் கழித்து ஒரு புதன்கிழமை வந்தாள். மஞ்சள் பையைக் கவுண்டர் மேல் கவிழ்த்தாள். கட்டைகள் கண்ணாடி மேல் உருண்டு ஓடின.

"நீ குடுத்த கட்ட மொத்தமும் செத்துப்போச்சுக்கா."

கீழே விழப்போன ரெண்டைப் பிடித்துக்கொண்டேன்.

"ரெண்டு வாரமா பாதி லைட்டு பாதி வரிசைலயே நின்னுடுது. போன் லைட்ட வாயில கவ்விக்கினு பறிக்கிறோம். பூ மார்க்கெட்டுக்குப் போறதுக்குள்ள விரிஞ்சுடுது. தோட்டத்துக்காரரு சொல்லிட்டாரு. வெள்ளிக்கெழம முகூர்த்தம். அன்னிக்கும் லேட்டாச்சுன்னா வேற ஊரு செட்ட எறக்கிடுவாராம்." அவள் குரல் இறங்கியது. "பன்னெண்டு வீடுக்கா. நாந்தான இதுங்கள இஸ்துக்கினு வந்தேன்."

முள் காட்டுகிற டெஸ்டரை எடுத்து ஒவ்வொரு கட்டையாக வைத்தேன். ஒன்றில் முள் கடைசிக்குப் போனது. அடுத்ததில் பாதி. அதற்கடுத்ததில் முள் அசையவே இல்லை. ஒரே பெட்டியில் வந்த, ஒரே நாளில் விற்ற கட்டைகள் எப்படி இத்தனை விதமாகும்? கம்பெனி ஏமாற்றிவிட்டதா, நான்தான் பெட்டி மாற்றிக் கொடுத்துவிட்டேனா என்று எனக்குள் ஓடியதெல்லாம் எழுதினால் தாள் போதாது. பாய் வந்து நாலு கட்டையைக் கையில் உருட்டிப் பார்த்தார்.

"கட்டைல தப்பு இல்ல. நீ கெளம்பு."

"எங்க பாய்?"

"அவங்க ஊருக்கு. இங்க உக்காந்துக்கினு பாத்தா கட்டதான் தெரியும். அத எப்டி வெச்சுக்கினு கீறாங்கோன்னு தெரியாது. ஜல்தி, பஸ்ஸு போய்டும்."

நான் அதுவரை ஒரு கஸ்டமர் வீட்டுக்கும் போனதில்லை. திரும்பி வர பஸ் இருக்குமா, ஊரில் நாய் இருக்குமா என்று செல்வியை வழி முழுக்கக் கேட்டுக்கொண்டே போனேன். "நாயி கீது. உன்னவிட பயந்த நாயி" என்றாள்.

செல்வி வீட்டு வாசலில் சாயங்கால வெயிலில் எல்லோரும் கூடியிருந்தார்கள். மறுநாள் யாருக்கு எந்த வரிசை என்று பிரிக்கிற நேரம். அந்தச் செட்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. தோட்டத்தில் எல்லா வரிசையும் ஒன்றாகப் பூக்காது. நல்ல வரிசை கிடைத்தவளுக்கு எடை கூடும், கூலியும் கூடும். அதனால் ஆளுக்கொரு அடையாளம் போடுவார்கள். ஒருத்தி ஹேர்பின், ஒருத்தி ஊக்கு, ஒருத்தி உடைந்த வளையல் துண்டு. எல்லாவற்றையும் ஒருத்தி மடியில் போட்டுக் குலுக்கி, கண்ணை மூடி ஒவ்வொன்றாக எடுப்பாள். அடையாளம் வெளியே வந்த முறைப்படி ஆளுக்கு ஒரு செடி வரிசை. சண்டை கிடையாது. பார்க்கவே அழகாக இருந்தது.

குலுக்கல் முடிந்ததும் நான் கேட்டேன். "கட்டைய எப்டி சார்ஜ் போடறீங்க, காட்டுங்க."

செல்வி சொன்னாள். காலையில் வந்ததும் எல்லா லைட்டிலிருந்தும் கட்டையைக் கழற்றி ஒரு அலுமினியச் சட்டியில் போடுவார்கள். சார்ஜரில் கைக்கு வந்ததைச் சொருகுவார்கள். சாயங்காலம் சட்டியைக் குலுக்கி, ஆளுக்கு மூன்றை, பார்க்காமல் எடுத்துக்கொள்வார்கள்.

"கட்டையயும் குலுக்கறீங்களா!"

"பின்ன? நல்ல கட்டை எவளுக்குன்னு சண்ட வந்துச்சு. வரிசைய குலுக்கற மாதிரி கட்டையயும் குலுக்கிடலாம்னுட்டோம். ஞாயமா இருக்கணுமில்ல?"

எனக்கு ஒரே சந்தோஷம். வியாதி பிடிபட்டுவிட்டது. இவர்களுடைய சார்ஜர் ரெண்டு ரெண்டாக ஏற்றுகிற மலிவு ரகம். லைட்டுக்கோ மூன்று கட்டை. மூன்றாவது எப்போதும் யாரோ ஒரு வேற்றாளோடு ஜோடி சேர்கிறது. ஒன்று நிறைந்த பிறகும் ஏறிச் சூடாகும், ஒன்று அரைகுறையாக வெளியே வரும். அதற்கு மேல் சட்டியில் குலுக்கல். நிறைந்த கட்டை இரண்டோடு காலிக் கட்டை ஒன்று ஒரே லைட்டுக்குள் போனால், மற்ற இரண்டும் சேர்ந்து காலியானதன் வழியாகவும் கரண்டை ஓட்டி, அதன் ப்ளஸ் மைனஸையே தலைகீழாக்கிவிடும். அப்புறம் அது எழுந்திருக்காது. இதை நான் சொல்லத் தொடங்கி வோல்ட்டில் போய் சிக்கிக்கொண்டேன். அவர்களில் மூத்தவளான கன்னியம்மா பாக்கை மென்றுகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இரு பொண்ணு. மூணு பேரு ஒரு மூட்டய தூக்கிக்கினு போறோம். ஒருத்தி காலைலேந்து ஒண்ணும் துன்னல. நடுவுல அவளுக்குக் கண்ண கட்டுது. மத்த ரெண்டு பேரு நிக்காம அவளையும் தரதரன்னு இஸ்துக்கினு போறாளுங்க. அதான?"

"அதேதான்!"

"அப்ப தெனம் ஒருத்திய சாவடிச்சுக்கினு இருந்துருக்கறோம்" என்றாள். கூட்டம் சிரித்தது. செல்வி சிரிக்கவில்லை.

மூன்று மூன்றாகச் சேர்த்து, அந்த மூன்றைப் பிரிக்காமல் ஆளுக்கு ஒரு செட்டாக வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். உடனே சத்தம் எழுந்தது.

"அப்ப நல்ல செட்டு எவளுக்கு?"

"செல்வி தனக்கு எடுத்துக்குவா, வேற யாரு!"

"ஏய், நான் என்னிக்குடி எடுத்தேன்?"

"எடுக்கல. எடுப்பன்னு சொல்றேன்."

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஒரு நாள்தான் நடுவில். எனக்கோ பஸ் நேரம் நெருங்குகிறது. இவர்கள் குலுக்கலை விடமாட்டார்கள். குலுக்கினால் கட்டை பிழைக்காது. கன்னியம்மாதான் பாக்கைத் துப்பிவிட்டு வந்தாள்.

"எதுக்குடி இந்தக் கத்து? கட்டைய குலுக்காத. செட்ட குலுக்கு. மூணு மூணா கட்டி வெச்சுட்டா, மடில போட்டு குலுக்கி எவளுக்கு எது வருதோ அதோட போறா. நாளைக்கு வேறது வரும்."

எனக்கே இது தோன்றவில்லை. செல்வி அவள் கன்னத்தைக் கிள்ளிவிட்டாள்.

வியாழக்கிழமை செல்வியும் கன்னியம்மாவும் கடைக்கே வந்துவிட்டார்கள். ஒவ்வொரு கட்டையையும் தனித்தனியாகப் பார்த்து, நிறைந்ததும் தானே நிறுத்திக்கொள்கிற நல்ல சார்ஜர்கள் எல்லாவற்றையும் பாய் ஷோகேஸிலிருந்து எடுத்து வரிசையாகச் சொருகினார். சுவரில் பச்சையும் சிவப்பும் மினுக்கின. "கல்யாண ஊடு மாதிரி கீது பாய்" என்றாள் கன்னியம்மா. "சாப்பாடு மட்டும் கேக்காத" என்றார் பாய். ஏறி முடித்ததைக் கொஞ்சம் ஆறவிட்டு டெஸ்டரில் வைத்தேன். முள் ஒரே இடத்தில் நின்ற மூன்றை ஒரு குடும்பமாகச் சேர்த்தேன். முள்ளே எழாதவற்றை ஒதுக்கினேன். அவற்றின் இடத்துக்குப் புதுக் கட்டைகளை மூன்று மூன்றாகவே போட்டேன், பழையதோடு ஒன்றையும் கலக்கவில்லை. செல்வி பக்கத்து ஃபேன்சி கடையில் நெயில் பாலிஷ் வாங்கி வந்தாள். ஒரு செட்டுக்கு ஒரு கலர். பிரிந்தாலும் சொந்தக்காரர்களைக் கண்டுபிடித்துவிடலாம். பழைய மலிவு சார்ஜருக்குப் பதிலாக அந்த நல்ல ரகத்தில் சிலதையும் வாங்கிக்கொண்டாள்.

ஒரு செட்டு மட்டும் சுமார்தான். எரியும், ஆனால் மங்கலாக. அதை என்ன செய்வது என்று நான் கையைப் பிசைந்தேன். கன்னியம்மா அதை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். "இது குலுக்கல்ல வேணாம், எனக்குத்தான். வெளிச்சம் ஜாஸ்தியா இருந்தா பூச்சி பூரா என் மூஞ்சில வந்து உக்காருது. இத்தினி வருஷமா கேக்கறேன், ஒருத்தியும் மங்கல் லைட்டு குடுக்கல."

வெள்ளிக்கிழமை நான் கடை திறப்பதற்கு முன்பே வந்து நின்றேன். போனைக் கவுண்டர் மேல் வைத்துக்கொண்டேன். வரவில்லை. வியாபாரம் ஆரம்பித்தது, வரவில்லை. லைட் நின்றுபோய் தோட்டக்காரர் விரட்டிவிட்டார், அழுதுகொண்டிருக்கிறார்கள், அதனால்தான் பேசவில்லை என்று முடிவே கட்டிவிட்டேன். பாய் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "நீயே போடும்மா. உன் மூஞ்சியப் பாத்து கஸ்டமர் ஓடறாங்கோ" என்றார்.

போட்டேன். மார்க்கெட் இரைச்சலுக்கு நடுவில் செல்வி குரல்.

"இன்னாக்கா?"

"இன்னாவா? லைட்டு எரிஞ்சுதா?"

"எரிஞ்சுதே. மொத பஸ்ஸுக்கே பூவு வந்துடுச்சு. தோட்டத்துக்காரரு வாயே தொறக்கல."

"ஒரு போன் பண்ணக்கூடாதாடி? நான் இங்க செத்துப் பொழைக்கிறேன்."

"லைட்டு எரிஞ்சா எதுக்குக்கா போன் பண்ணணும்?"

பின்னால் எல்லாப் பெண்களும் சிரிக்கிற சத்தம். நானும் கடை நடுவில் நின்று சத்தமாகச் சிரித்தேன். பாய் எனக்கும் செல்விக்குமாகச் சேர்த்து ரெண்டு டீ சொன்னார். அவள் அங்கே இல்லாததால் அவள் பங்கை அவரே குடித்தார்.

அதற்குப் பிறகு அந்த ஊரிலிருந்து எனக்குப் போனே வரவில்லை. ஒவ்வொரு வாரமும் வராதபோது ஒரு சந்தோஷம். பயப்படுகிறவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம் லேசில் கிடைக்காது. நான் வேலையிலிருந்து நிற்கப்போகிற மாசம், ஒரு மத்தியானம், போனில் செல்வி பேர் எரிந்தது. கட்டை போய்விட்டது, தோட்டம் போய்விட்டது, பன்னிரண்டு வீடும் போய்விட்டது.

"சொல்லு செல்வி, எந்த செட்டு நின்னுடுச்சு?"

"ஒண்ணும் நிக்கலக்கா. பக்கத்துத் தோட்டமும் எங்களுக்கே குடுத்துட்டாங்க. இன்னும் எட்டு பேர சேத்துக்கினோம். கட்ட வேணும், லைட்டு வேணும். அதவிட ஒரு பேஜாரு." அவள் மூச்சு வாங்கினாள். "நெயில் பாலிஷ் கலரு தீந்துபோச்சுக்கா. ஃபேன்சி கடைல இருந்த கலரெல்லாம் போட்டாச்சு. இனிமே இன்னா பண்றது?"